மீரான் தானே சட்டை போட்டுக்கொண்டது

பாலக்கரை மீரானின் வீம்பு ஊரறிந்தது. காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் இருபது வருஷம் மூட்டை நிறுத்த மனுஷன், 1958-ல் ஒரு நாள் தராசடியிலேயே சாய்ந்தார். பக்கவாதம். கால் இழுத்துக்கொண்டாவது நடந்தது. வலது கை அப்படியே விழுந்துவிட்டது. வீம்பு மட்டும் இம்மியும் குறையவில்லையே என்பதுதான் மனைவி ஷரபுன்னிசாவின் புலம்பல்.

மகள் வஹீதாவின் நிக்காஹுக்கு இரண்டு மாதம் இருந்தது. பெண்ணைப் பெற்ற அத்தா மாப்பிள்ளையின் வலது கையைத் தன் வலது கையால் பிடித்துப் பெண்ணை ஒப்புக்கொடுக்க வேண்டும். அவர் தம்பி பரக்கத் அலி பிடித்துக் கொடுக்கட்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னதுதான் தாமதம், மீரான் குதித்தார்.

"நான்தான் கொடுப்பேன். நானே குளிச்சு, நானே உடுத்திக்கிட்டு வருவேன். அடுத்தவங்க குளிப்பாட்டி உடுத்திவிட நான் என்ன செத்துக் கிடக்கிற மையித்தா?"

"வாயைக் கழுவுங்க!" என்றாள் ஷரபுன்னிசா.

அன்று பிடித்தது சனியன். கைலியின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, இடுப்பைச் சுவரோடு அழுத்தி, மறுமுனையை இடது கையால் இழுத்துச் செருகுவார். செருகியதும் தும்முவார். கைலி தரையில் கிடக்கும். ஷரபுன்னிசா கதவுக்கு வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். உதவ ஓர் அடி வைத்தால் போதும், "போடி அந்தாண்டை!" சோப்பு வழுக்கி ஓடினால் அதற்கும் அவளுக்குத்தான் திட்டு. இவரோடு மாரடிப்பதற்கு இரண்டு மண்டியை நடத்திவிடலாம் என்று அவளுக்கு எரிந்தது. ஆனாலும் ஒரு மாதத்தில் கைலி நின்றது. அடுத்த மாதம் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக வசப்பட்டன.

நிக்காஹ் அன்று விடியலிலேயே அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. வாசலில் மாப்பிள்ளை வீட்டார் இறங்கிவிட்டார்கள். நிக்காஹ் ஓதி வைக்க அசரத் வந்து உட்கார்ந்தாயிற்று. கதவைத் தள்ளிக்கொண்டு போனாள் ஷரபுன்னிசா.

புது முழுக்கைச் சட்டை, எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். இடது மணிக்கட்டு மட்டும் திறந்து கிடந்தது. அந்தக் கைக்குப் பொத்தான் போட இன்னொரு கை அல்லவா வேண்டும்! பல்லால் முயன்றிருக்கிறார், பொத்தான் பிய்ந்து வாயில் இருந்தது. அதை உள்ளங்கையில் துப்பி நீட்டினார்.

"கழட்டுங்க, தைச்சுத் தரேன். உடம்புல இருக்கறப்ப தைக்கக் கூடாது."

"கழட்டினா திரும்பப் போட ஒரு மணி நேரம். அசரத் எழுந்து போயிடுவார்."

"அல்லாவே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, ஊசியோடு அவர் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகத் திட்டாமல் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றார் மீரான்.

"ஆடாதீங்க, குத்திடப் போவுது."

"ஷரபு," என்றார் மெதுவாக. "இந்தக் கையால அந்தக் கையைத் தூக்கி மாப்பிள்ளை கையில வைப்பேன். அத்தனை பேர் முன்னால அது வழுக்கி விழுந்துட்டா?"

இதற்குத்தானா இந்த ஆர்ப்பாட்டமெல்லாம்! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"விழுந்தா எடுத்துத் திரும்ப வைங்க. ரெண்டு மாசமா வேற என்ன செஞ்சீங்களாம்?"