பழைய எஞ்சினைக் கேட்டவர்

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு ஷெட்டில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. வேகத்துக்கு ஆசைப்பட்டு அதில் வேறு எஞ்சினும் அகலமான சக்கரங்களும் மாட்டியிருந்தேன். விற்க நினைத்தபோது, மாற்றம் செய்த வண்டி என்றதுமே வந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

ஈரோட்டிலிருந்து வந்த பழைய கார் வியாபாரி மட்டும் வண்டியை வாயாரப் புகழ்ந்தார். நான் சொன்ன விலைக்குப் பேரமே பேசவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. கிளம்பும்போது, "ஏனுங்க, கழட்டுன பழைய எஞ்சின் இருக்குதுங்களா? சும்மா கெடந்தா வண்டியோட ஏத்திக்கிறனுங்க" என்றார்.

அது மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. நான் வாய் திறக்குமுன் என் மனைவி, "அதை எடைக்குப் போட்டாச்சுங்க" என்றாள்.

அவர் முகம் மாறிவிட்டது. "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று போய்விட்டார். கம்பெனியிலிருந்து வந்தபடியே வண்டியைத் திரும்ப ஆக்கி நல்ல விலைக்கு விற்கத்தான் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த வேலையை நாங்களே செய்தோம். மெக்கானிக்கை வைத்துப் பழைய எஞ்சினையும் சக்கரங்களையும் மாட்டினோம். கேள்விப்பட்டு வியாபாரி மறுபடி வந்தார். இந்த வண்டியோடு வந்த எஞ்சின்தானா என்று டார்ச் அடித்து எஞ்சின் நம்பரை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"எடைக்குப் போட்டது எப்படிங்க அம்மணி திரும்பி வந்துச்சு?"

"அன்னிக்குப் பொய் சொன்னனுங்க" என்றாள் என் மனைவி.

"நம்பரெல்லாம் இப்பப் புதுசாவே அடிக்கிறாங்களுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் காரமடைக்காரர் ஒருவர் வியாபாரி முதலில் ஒத்துக்கொண்ட விலையைப்போல இரு மடங்கு கொடுத்து வாங்கினார். பணம் வங்கியில் ஏறிவிட்டதென்று மனைவி சொல்லும்வரை சாவியை நான் கையிலேயே வைத்திருந்தேன்.