பாடைச் சுழி

மேலூர்ப் பக்கத்துச் சித்திரை மாட்டுச் சந்தையில் மொக்கையன் மேலிலுள்ள மயிர்ச் சுழி பார்த்து நல்லது கெட்டது சொல்லாமல் ஒரு மாடும் கைமாறாது. அவருடைய அப்பனும் அப்பனைப் பெற்றவரும் பார்த்த வேலை அது. கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் மங்கியது பெண்சாதி அன்னக்கொடிக்கு மட்டும்தான் தெரியும். மானம் போகுமே என்று இருவரும் வெளியே சொல்லவில்லை. அந்தக் கண்ணோடுதான் போன சித்திரையில் ஒரு காளையை வாங்கினார். தையில் செத்துப்போனார்.

இந்த வருசம் அன்னக்கொடி காளையைச் சந்தைக்கு ஓட்டி வந்தாள். ஒற்றை ஆளாக அதற்குத் தீனி போட முடியவில்லை. உழுகிற வீடாகப் பார்த்துக் கொடுத்துவிட்டால் உயிரோடு கிடக்குமே என்று நினைத்தாள்.

முதலில் விலை கேட்டு வந்த அருள்பாண்டி காளையின் முதுகைத் தடவியவுடன் கையை இழுத்துக்கொண்டான்.

"மதினி, இது பாடைச் சுழியாச்சே! வாங்குனவனப் பாடையில ஏத்திரும்னு அண்ணந்தான் எனக்கே சொன்னாரு. அவருக்கா தெரியாமப் போச்சு?"

இப்போதும் அவளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

பேச்சு பரவி, சந்தை நடந்த மூன்று நாளும் வேறு யாரும் அண்டவில்லை. கடைசியாக அடிமாட்டு லாரிக்காரர் வந்தார். அவர் சுழியே பார்க்கவில்லை.

விற்கிறவர் பழைய கயிற்றை வைத்துக்கொள்வதும், வாங்குகிறவர் புதுக் கயிறு மாட்டுவதும் சந்தை வழக்கம். அன்னக்கொடி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, "புதுக் கயிறு போடுங்கண்ணே" என்றாள்.

"இதுக்கு எதுக்குத்தா புதுக் கயிறு? போய்ச் சேருற வரைக்கும் அதுவே போதும்."

அவிழ்த்த கயிற்றை அவளே திரும்பக் கட்டினாள்.