டிங்கர் விழுங்கிய ஒரு பீட்

டிங்கருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். ரெக்கார்டிங் அறையில் அன்று இரண்டு காதும் பழுத்துப்போயிருந்தன.

பகலில் பட்டறையில் நசுங்கிய கார் கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிறவர். மாலையில் மச்சானின் குழுவில் டிரம்ஸ். மச்சான், அதாவது மனைவியின் தம்பி, டிரம்பெட் வாசிப்பவன். ஹார்ட் பாப் என்கிற, விரட்டி விரட்டி வாசிக்கும் ஜாஸ். அவன் பெயரில் வரப்போகும் முதல் ஆல்பம். ஐந்து பேரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வேண்டும். ஒருவர் தப்பை மட்டும் பிறகு வெட்டியெடுக்க வழியில்லை.

வேகமான பாட்டு ஒன்றில், டிரம்ஸ் தனியாக முழங்கி முடிக்குமுன்பே மச்சான் ஒரு பீட், ஒரே ஒரு தாளத்தட்டு, முந்திப் பாய்ந்துவிட்டான். விட்டால் பாட்டே கவிழும். டிங்கர் அந்த ஒரு பீட்டை விழுங்கிவிட்டு அவனோடு போய்ச் சேர்ந்துகொண்டார். கேட்டால் டிரம்ஸ்காரர்தான் தடுக்கி விழுந்ததுபோல் இருக்கும். அதன்பின் மச்சான் வாசித்தானே, அது அசல் வெறி.

"இதையே போட்டுடலாம்" என்றான் மச்சான்.

"இன்னொரு தடவை வாசிடா. என் மானம் போகுது."

"யாரு மாமா உக்காந்து பீட் எண்ணப் போறாங்க?"

"டிரம்ஸ் அடிக்கிறவன் ஒவ்வொருத்தனும் எண்ணுவான்!"

மறுபடி வாசித்தார்கள். அதே இடத்தில் மச்சான் அதே மாதிரி முந்தினான். இந்த முறை டிங்கர் தன் தாளத்தை விட்டு அசையவில்லை. டிரம்பெட் மட்டும் தனியே அலறிவிட்டு நின்றது.

"ஏன் மாமா கைவிட்டீங்க?"

"நான் இருக்கவேண்டிய இடத்துலதான் இருந்தேன். நீ எங்கடா ஓடுன?"

அதற்குள் ஊதி ஊதி மச்சானின் உதடு வீங்கிவிட்டது; இன்னொரு தடவை வாசிக்க முடியாது. முதலில் வாசித்ததே ஆல்பத்தில் ஏறியது. பத்திரிகைகள் டிரம்பெட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. ஒன்று மட்டும், டிரம்ஸ்காரர் ஓரிடத்தில் தூங்கிவிட்டார் என்று எழுதியது. பட்டறையில் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள்.

வீட்டிலும் நியாயம் கிடைக்கவில்லை. "என் தம்பியா முந்தினான்? அவன் பொறந்ததே லேட்டுங்க!" என்றாள் மனைவி.

மச்சான் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட வந்தான். "மேடையில மைக்கைப் பிடிச்சு, முந்தினது நான்தான்னு சொல்லு. வர்றேன்" என்றார். அவன் ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். அதோடு சரி.

பிறகு வேறொரு குழுவோடு வெளியூர் போனபோது, அங்கிருந்த டிரம்ஸ்காரன் ஓடிவந்து கையைப் பிடித்தான். "அண்ணே, அந்த ஆல்பத்துல ஒரு பீட்டை முழுங்குனீங்க பாருங்க, என்ன ஐடியா! இங்க எல்லாரும் இப்ப அப்படித்தான் அடிக்கிறோம்."

"ஐடியாவா? அவன் அவசரம்டா அது! அவன் தப்பு!" என்று கத்தினார் டிங்கர். காது ரத்தமாய்ச் சிவந்தது.

என்ன ஒரு தன்னடக்கம் என்று வியந்துகொண்டே போனான் அவன்.