மூன்று முழுக்கு

அந்தத் தை மாதம் என் கணவர் டெனெரிஃபே என்ற தீவுக்கு இரண்டு டிக்கெட்டுகளோடு வந்து நின்றபோது, மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. லண்டனில், இல்ஃபோர்டில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். அதுவரை நாங்கள் போன ஆகத் தூரப் பயணம் பர்மிங்காமுக்கு, அதுவும் ஒரு கலியாண வீட்டுக்கு.

நாலு மணிக்கே இருட்டிவிடும் லண்டன் மாரிக்குளிர் எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்த முறை ஐப்பசியில், யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்துபோனார். போக வழியில்லை. அகதிகளுக்குத் தரும் எங்கள் நீலப் பயணப் பத்திரம் எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கையைத் தவிர. எல்லோரும் சொன்னபடி, குளியல் தொட்டிக்குள் குந்தியிருந்து, பிளாஸ்டிக் கோப்பையால் வெந்நீர் அள்ளி ஊற்றித் தலைமுழுகினேன். அடுத்த நாள் வேலைக்குப் போனேன். அழுகை வரவேயில்லை.

எங்கள் பாஷை பொல்லாதது. செத்தவருக்காகத் தலைமுழுகினால் அது துக்கம். ஒருவரைத் தலைமுழுகிவிட்டேன் என்றால், உறவே வேண்டாமென்று கைகழுவிவிட்டேன் என்று பொருள். நான் அம்மாவுக்குச் செய்தது இரண்டாவதுதானோ என்று ஒரு முள் மனதுக்குள் இறங்கிவிட்டது. மார்கழி முடிவதற்குள் சாப்பாடும் இறங்கவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. டொக்டர் குளிசை எழுதித் தந்துவிட்டு, வெயில் உள்ள இடம் எங்கேயாவது போய் வாருங்கள் என்றார். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார். என் கணவர் அதையும் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டார்.

செய்தி கேட்டு மச்சாள், அதாவது கணவரின் தமக்கை, ஈஸ்ட் ஹாமிலிருந்து பஸ் பிடித்து வந்தார்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை அக்கா."

"ஒருத்தருமில்லாத ஊருக்கு ஏன் போறியள்? தாய் செத்து ஆண்டுத்திவசமும் முடியேல்லை. சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். அவைக்கும் மாரியிலை பொழுது போகவேணுமே."

இவர் தமக்கைக்கு எதிர்வார்த்தை பேசியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். வாய் திறந்து பாராட்டும் நிலையில் நான் இருக்கவில்லை.

பனிக்குத் தப்பி நாலு மணித்தியாலத்துக்கு மேல் பறந்துபோனால், அங்கேயும் தீவின் நடுவில் நின்ற எரிமலையின் உச்சியில் வெள்ளையாகப் பனி. "உது எங்களுக்கு முன்னாலை வந்து நிக்குது," என்றார் இவர். கீழே மட்டும் நல்ல வெயில். எரிமலை கக்கிய கல் மணலாகிக் கடற்கரை முழுக்கக் கரிக்கறுப்பாகக் கிடந்தது. அதன்மேல் வெள்ளைக்காரர்கள் கருவாடு போலக் காய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் கடலைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, நான் ஒருக்கா முழுகப்போறன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் செருப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

சேலையோடேயே இறங்கினேன். அம்மாவை நினைத்து ஒரு முழுக்கு. உப்பு வாய்க்குள் போனது. இரண்டாவது முழுக்கு. மூன்றாவது முழுகி எழும்பும்போது யாரோ என் கையை எட்டிப் பிடித்து இழுத்தார்கள். முகம் சிவந்த, நெட்டையான ஒரு கிழவர். விளங்காத மொழியில் கத்திக்கொண்டே என்னைக் கரைக்குக் கொண்டுவந்தார். உடுத்த துணியோடு கடலில் இறங்கித் திரும்பத் திரும்பத் தாழ்கிற பெண்ணைக் கண்டால் அவர் என்ன நினைப்பார், பாவம். நான் சாக வந்தவள் என்றே முடிவுகட்டிவிட்டார்.

அவருடைய மனைவி ஓடிவந்து துவாயால் என்னைச் சுற்றித் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குழந்தைக்குச் சொல்வது போல ஏதோ சொன்னார். அவ்வளவுதான், எனக்கு உடைந்துவிட்டது. மூன்று மாதத்து அழுகையையும், அம்மா அம்மா என்று அந்த முன்பின் தெரியாத தோளில் அழுது தீர்த்தேன். நான் முடிக்கும்வரை அந்த அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அவர்கள் எந்த நாடு என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. எங்கே இருந்தாலும் அவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு மாரியிலும் நினைத்துக்கொள்கிறேன்.

அவர்கள் போனதும் எனக்குக் கோபம் வந்தது. மாதக்கணக்கில் வராத கோபம்.

"ஆரோ ஒரு மனிசன் ஓடிவாறார். நீங்கள் செருப்பைப் பிடிச்சுக்கொண்டு கரையிலை நிக்கிறியள்!"

"மூண்டு முழுக்கு உம்மடை அம்மாவுக்கு எண்டு எனக்குத் தெரியுந்தானே. எண்ணிக்கொண்டு நிண்டனான். நாலாவது முழுகினால் பாயிறதெண்டு இருந்தனான்."

"உங்களுக்கு நீந்தத் தெரியாதே."

"தெரியாதுதான்," என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். கரையில் நின்றார் என்று நான் ஏசிய மனிதரின் கால்சட்டை இடுப்புவரை நனைந்திருந்தது.