நான் இரண்டு வரியாக்கிய கிராமம்

நவி மும்பை ஐரோலியில் ஒரு கம்பெனியில் வெப்சைட் போடும் வேலை எனக்கு. ஜெர்மனியில் ஒரு சின்ன டவுனுக்காக அப்போது செய்துகொண்டிருந்தோம். அந்த டவுனோடு எப்போதோ சேர்த்துவிட்ட ஒரு கிராமத்தின் வரலாறு மட்டுமே ஒன்பது பக்கம் வந்திருந்தது. இப்போது டவுனில் ஒரு பகுதிதானே என்று நானாக அதை இரண்டு வரியாக்கிவிட்டேன்.

மறுநாள் அதை எழுதிய பெண் வீடியோ காலில் வந்தார். அந்தக் கிராமத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர். கோபப்படவில்லை. "எரிந்துபோன தேவாலயத்தை எங்க ஊர்க்காரங்கதான் கல் சுமந்து மறுபடி கட்டினாங்க. அதையாவது விட்டிருக்கலாமே" என்றார்.

மன்னிப்புக் கேட்டு, முழுசாகவே போடுகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நீங்க மும்பையில் எந்தப் பகுதி?" என்று கேட்டார்.

யார் கேட்டாலும் பக்கத்து ஸ்டேஷன் பெயரைச் சொல்லி, சயான் என்பேன். ஆபீஸில் ஆறு வருஷமாக அப்படித்தான். அன்று அது வாயில் வரவில்லை.

"தாராவி. எங்க அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தார்" என்றேன். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"உங்க தெருவில் முதலில் குடிவந்தது யாரு?" என்றார் அவர். அப்பா சொன்னதையெல்லாம் அரைமணி நேரம் சொன்னேன். அப்பா உயிரோடு இருந்தபோதே நாலு பேர் முன்னால் தாராவி என்று சொல்லியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.