லேபிளைத் திருப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்ப முடியவில்லை என்றால் உங்கள் இஷ்டம், கெஞ்சிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. பேய் என்றால் நள்ளிரவில் வரும், நாய் ஊளையிடும், விளக்கு அணையும் என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். என்னிடம் வந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்த கையோடு வந்தது. எல்லா ட்யூப் லைட்டுகளும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

நான் ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் உதவியாளர். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மா ஊரார் துணிக்கு இஸ்திரி போடுகிறவள். எங்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பட்டம் வாங்கியாயிற்று. ஆனால் பார்மசி டெக்னீஷியன் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வினேன். இரண்டு முறையும் காலை வாரியது ஒரே பகுதி, மருத்துவமனையில் மருந்து கலப்பது பற்றிய கேள்விகள். "படிச்சுக் கிழிச்சது போதும், கல்யாணத்தைப் பாரு" என்று அத்தை ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது முறையும் போனால் வேலையும் போய்விடும்.

இதில் பெரிய மேடம் வேறு. மருந்தகத்தின் தலைவி. இரண்டு முறை தோற்றதால், நான் மறுபடி பயிற்சியை முடித்தேன் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் மூன்றாவது முறை எழுத முடியும். அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. லேபிளைப் படிக்காமல் எந்தக் குப்பியையும் தொட மாட்டேன். அவரே எடுத்துக் கொடுத்தாலும் வாங்கித் திருப்பிப் பார்ப்பேன்.

"உனக்கு யார் மேலதான்டி நம்பிக்கை?"

"என் கண்ணு மேலதான் மேடம்."

அப்படிப்பட்டவர், அந்த வெள்ளிக்கிழமை தானே கூப்பிட்டு கிளீன் ரூம் சாவியை நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை யாரும் இருக்க மாட்டாங்க. தனியாப் போய்ப் பழகிக்கோ."

இவ்வளவு அக்கறையா? எனக்கு அப்போதே பொறி தட்டியது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். தேவை என்னுடையது.

கிளீன் ரூம் என்பது, நரம்பில் ஏற்றும் மருந்தைக் கிருமி படாமல் கலக்கும் அறை. தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதான் போக வேண்டும். கண் மட்டும் தெரியும். பெற்ற தாய் பக்கத்தில் நின்றாலும் அடையாளம் தெரியாது. கதவு திறந்தால் 'பீப்' என்று கத்தும். சுவரில் ஒரு மீட்டர், காற்றில் இருக்கும் துகள்களை எண்ணிக்கொண்டே இருக்கும். ஓர் ஆள் நகர்ந்தாலே எண் ஏறும். இரண்டு ஆள் என்றால் எகிறும்.

இரண்டு மணிக்கு உள்ளே போனேன். ஹூட்டின் சுவிட்சைப் போட்டேன். அது ஒரு கண்ணாடி மேடை. வடிகட்டிய காற்று உள்ளிருந்து நம்மை நோக்கி வீசும். காற்று வருகிறதா என்று பார்க்க, உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடாவைத் தொங்கவிட்டிருப்பார்கள். அது என் பக்கமாகப் படபடத்தது. பழகுவதற்கு வெறும் தண்ணீர்க் குப்பிகளை அடுக்கினேன். காகிதத்தை உள்ளே கொண்டுபோகக் கூடாது, தூசி உதிரும். அதனால் கேள்விகளை மனப்பாடம் செய்திருந்தேன். வாய்விட்டே கேட்டுக்கொண்டேன்.

"பொட்டாசியம். வேணுங்கிறது இருபது. ஒரு மில்லியில ரெண்டு இருக்கு. எத்தனை மில்லி எடுக்கணும்?"

"பத்து."

நான் சொல்லவில்லை.

திரும்பினேன். எனக்கு வலப்பக்கம் ஒருத்தி. அதே வெள்ளை அங்கி, முகமூடி, கண்ணாடி. கையில் ஒரு குப்பி.

கதவு கத்தவே இல்லையே?

பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. மேடம் ஆள் வைத்து வேவு பார்க்கிறார்!

"மேடம் அனுப்பினாங்களா?"

"அடுத்த கேள்வி," என்றாள்.

இதுவும் ஒரு பரீட்சை போல. முறைத்துக்கொண்டால் மேடம் காதுக்குப் போகும். கையெழுத்து அம்பேல். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டேன்.

"அதே மருந்து. சலைன்ல கலக்காம நேரா நரம்புல ஏத்தினா என்ன ஆகும்?"

அவள் கையில் இருந்த குப்பியைப் பார்த்தாள்.

"நின்னுடும்."

சரியான விடைதான். இதயம் நின்றுவிடும். ஆனால் எது நிற்கும் என்று அவள் சொல்லவில்லை… அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த அறையில் விசிறி இரைச்சலுக்கு மேல் கத்திப் பேச வேண்டும். அவள் மெதுவாகத்தான் பேசினாள். எனக்குத் துல்லியமாகக் கேட்டது.

அவள் முகமூடியைப் பார்த்தேன். மூச்சு விட்டால் அது உப்பும், ஒட்டும். என்னுடையது அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது.

அவளுடையது அசையவில்லை.

மீட்டரைப் பார்த்தேன். எண் ஏறவில்லை. ஓர் ஆளுக்கான எண்… என் ஒருத்திக்கான எண்.

மணி இரண்டே கால்.

அவள் கையை ஹூட்டுக்குள் நீட்டினாள். நாடாவுக்குப் பின்னால். கை குறுக்கே வந்தால் காற்று தடைபட வேண்டும். நாடா தொங்கிவிட வேண்டும்.

அது படபடத்துக்கொண்டே இருந்தது.

குப்பியைத் தூக்கி என் கண்ணுக்கு நேரே காட்டினாள். லேபிள் அவள் பக்கம். வெறும் கண்ணாடி என் பக்கம். அவள் கையுறை ஈரமாக இருந்தது.

"சரிதானே?"

எங்கள் வேலையில் இது ஒரு விதி. ஒருத்தி கலந்தால் இன்னொருத்தி பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இரண்டாவது கண். அவசரத்தில் பாதிப் பேர் பார்க்காமலே தலையாட்டுவார்கள்.

"லேபிளைத் திருப்பு," என்றேன்.

"அவசரம். வார்டுல கேக்கிறாங்க."

டக்… டக்… டக்…

பாஸ் பாக்ஸ். மருந்தை வெளியே கொடுக்கும் சுவர்ப்பெட்டி. அந்தப் பக்கத்துக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

யாருமே இல்லை அங்கே.

டக்… டக்… டக்…

"தலையாட்டு. போதும்."

என் கழுத்து… என்னை அறியாமலே… குனியப் பார்த்தது. ஒரு தலையாட்டல்தானே. ஆட்டினால் விட்டுவிடுவாள். ஓடிவிடலாம்.

"மாட்டேன்! பாக்காம சரின்னு சொல்ல மாட்டேன். எவளா இருந்தாலும் சரி. திருப்புடி லேபிளை!"

தட்டுவது நின்றது.

அவள் என்னையே பார்த்தாள்.

மேடை மேல் ஜெல்லித் தட்டுகள் இருந்தன. வேலை முடிந்ததும் விரல் நுனிகளை அதில் பதிக்க வேண்டும். கிருமி வளர்கிறதா என்று லேப்பில் பார்ப்பார்கள். என்னுடையது போக ஒரு தட்டு மிச்சம். அவள் அதைத் திறந்தாள். பதித்தாள். ஒவ்வொரு விரலாக… நிதானமாக… நாங்கள் செய்வது போலவே.

கண்ணில் வியர்வை இறங்கியது. சிமிட்டினேன்.

யாருமில்லை.

எப்படி விரல் பதித்தேன், எப்படித் தட்டுகளை பாஸ் பாக்ஸில் தள்ளினேன், தெரியாது. நான் வெளியே வரும்போது கதவு 'பீப்' என்றது.

சாத்திக்கொண்டது. நான் நடைக்கு வந்துவிட்டேன். என் பின்னால் அது இன்னொரு முறை கத்தியது.

வீட்டில் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை மேடம் என்னைத் தனியாக அழைத்தார். கதவைச் சாத்தினார். பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

"நீ தலையாட்டினியா?"

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடமும்.

"இல்ல மேடம்."

அவர் என் பயிற்சித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை தட்டு அண்ணன் வந்தார். லேப்காரர். எந்நேரமும் ஜெல்லித் தட்டோடு அலைவதால் அந்தப் பெயர்.

"உன்னுது சுத்தம்மா, பாஸ் ஆயிடுச்சு. கூட வந்தது யாரு?"

"ஏன்ணே?"

தட்டை நீட்டினார். ஐந்து விரல் பதிந்த இடத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"கிருமி இல்ல. உப்பு. சந்தேகத்துல டெஸ்ட் பண்ணிட்டேன், பொட்டாசியம். அந்த ரூமுக்குள்ள அந்த மருந்தை வைக்கிறதையே நிறுத்தி அஞ்சு வருஷம் ஆச்சே?"

"ஏன் நிறுத்தினாங்க?"

குரலைத் தாழ்த்தினார். "ஒரு பொண்ணு தண்ணின்னு நெனச்சு அதைக் கலந்துடுச்சு. உன் வயசுதான். பாவம், செக் பண்ணச் சொல்லித் தூக்கித்தான் காட்டுச்சாம். எதிர்ல நின்னவங்க பாக்காமலே தலையாட்டிட்டாங்க."

"அந்த நோயாளி?"

"கேக்காதே."

"அந்தப் பொண்ணு?"

"அதையும் கேக்காதேம்மா."

"தலையாட்டினது யாருண்ணே?"

அவர் திரும்பினார். சாத்தியிருந்த மேடம் அறைக் கதவைப் பார்த்தார்.

அவள் இன்னும் அங்கே நிற்கிறாளா என்று மேடத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு, ஏதாவது ஆனால் கேட்க நாதியில்லாத ஒருத்தியாகப் பார்த்துச் சாவியைக் கொடுத்திருக்கிறார்.

தேர்வில் தேறிவிட்டேன். வாழ்த்துச் சொல்ல மேடம் அழைத்தார். போனேன். அவர் மெல்லக் கேட்டார்.

"அவ… இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்காளா?"

அன்றிலிருந்து என்னிடமே இருந்த சாவியை அவர் மேஜை மேல் வைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை யாரும் இருக்க மாட்டாங்க மேடம். தனியாப் போய்ப் பாருங்க."

அவர் அதைத் தொடவில்லை. சாவி அங்கேயேதான் கிடக்கிறது. ஆனால் தினமும் காலையில், யாரோ நனைந்த கையால் எடுத்துவிட்டு வைத்தது போல, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை உப்பு பூத்திருக்கிறது.