ராஜாவின் இடது கை

சந்திரகிரிக் கோட்டை விழாவில் சரித்திர வேஷம் போட்டவர்களின் போட்டோக்களை ஓவியம் போல மாற்றித் தருவது என் வேலை. வரைவது கம்ப்யூட்டர், பெயர் எனக்கு.

அந்த வேஷக்காரர்களில் ஒருவர் காவல்வீரனாக நின்றவர். குப்பம் ஊரில் கிரானைட் அறுப்பவர், நல்ல உயரம். இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான். கேமராவைக் கண்டால் அந்தக் கையை மூடி இடுப்பில் வைத்துக்கொள்வார்.

கண்காட்சிக்கு முதல் நாள்தான் கவனித்தேன். ராஜாவாக நின்ற விழாத் தலைவரின் தொப்பை எல்லாப் படத்திலும் கவசத்துக்கு முன்னால் வந்து நின்றது. அன்று ராத்திரியே தலைவர் தலையைக் காவல்வீரன் உடம்பில் ஒட்டினேன். இரண்டு கவசமும் ஒரே வாடகைக் கடைச் சரக்கு என்பதால் ஒட்டு தெரியவில்லை.

மறுநாள் அந்தக் காவல்வீரர், கண்காட்சி நடந்த திருப்பதி ஹாலுக்கு மனைவியோடு வந்து, ராஜா படத்தின் முன் வெகுநேரம் நின்றார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். என் தொப்பை ஒளியவில்லை.

“உன் போட்டோ எங்கய்யா?” என்றாள் மனைவி.

“என்னுது சரியா வரலியாம். நீ போய் செருப்பு மாட்டு.”

பிறகு தூணருகே வந்தார்.

“அந்தக் கைய மட்டும் தொறந்து வரைஞ்சிருந்தா, ராஜான்னு நானும் நம்பிக்கினு போயிருப்பேன் சார்.”

மாலையில் தலைவர் என் தோளைத் தட்டி, “மூடின கையிலதான்யா கம்பீரமே” என்றார். நான் பல்லைக் காட்டினேன்.